மின்தொகுப்பின் நிலைத்தன்மை: காற்றாலைச் சீமை மாணவர் ஒரு பிஎச்டி விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான ஆய்வு மாணவர் இடங்களை அறிவித்துவருகின்றன. தலைப்பு கொஞ்சம் முன்பின் மாறும், சாரம் ஒன்றுதான்: காற்றும் சூரிய ஒளியும் தரும் மின்சாரம் பெரும்பங்காகிவிட்ட மின்தொகுப்பு (கிரிட்) தடுமாறாமல் ஓடுவது எப்படி? நம் ஐஐடி, என்ஐடிகளிலும் இதே பொருளில் ஆய்வுத் திட்டங்கள் வருகின்றன. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் மின்னியல் முடிக்கும் பிள்ளைகள் இவற்றைப் பார்க்கிறார்கள். பாதிச் சொற்கள் பிடிபடாமல், இது நமக்கில்லை என்று கடந்துபோகிறார்கள். பிடிபடாததற்குக் காரணம் உண்டு. நம் பாடப்புத்தகத்து மின்தொகுப்பு நிலக்கரி, நீர்மின் ஜெனரேட்டர்களை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. விளம்பரம் பேசுவது அதற்கு அடுத்த கட்டத்தை.

அந்த அடுத்த கட்டம் நம் ஊர் வயற்காட்டில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசி, சுரண்டை, கயத்தாறு வரை வீசுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் பரவுகிறது. ஆகவே, விளம்பரத்தில் இருக்கும் கேள்வியை இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம். முதலில் அடிப்படை.

1. 50 ஹெர்ட்ஸ் என்றால் என்ன உடன்பாடு?

மின்தொகுப்பில் மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைக்க முடியாது. இந்த நொடியில் செலவாகும் அளவும் இந்த நொடியில் உற்பத்தியாகும் அளவும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருக்கிறதா என்று காட்டும் எண்தான் அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். செலவு கூடினால் 50-க்குக் கீழே இறங்கும், உற்பத்தி கூடினால் மேலே ஏறும். 49.90 முதல் 50.05 வரையிலான பட்டைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய மின்தொகுப்பு விதி.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடம் தென்னக மின்தொகுப்பை மற்ற பகுதிகளோடு இணைத்தது. அன்றிலிருந்து நாடு முழுவதும் ஒரே அதிர்வெண். பாபநாசம் நீர்மின் நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரும் பஞ்சாபில் சுழலும் ஜெனரேட்டரும் மின்சார வகையில் ஒரே தாளத்தில் ஓடுகின்றன.

2. நிலைமம்: முதல் சில நொடிகளின் பாதுகாப்பு

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு அலகுகளும் தலா 1000 மெகாவாட். அவற்றின் டர்பைனும் ஜெனரேட்டரும் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் பெரும் இரும்பு எடை. தொகுப்பில் எங்கோ ஒரு நிலையம் திடீரென்று விழுந்தால், இந்த எடைக்குள் இருக்கும் சுழல் ஆற்றல் அந்தக் கணமே மின்சாரமாக வெளியே வருகிறது. யாரும் கட்டளையிடத் தேவையில்லை, இயற்பியலே செய்துவிடும். தையல் மிஷினில் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் சில சுற்று ஓடித் துணியைத் தைப்பதுபோல. இதைத்தான் தொகுப்பின் நிலைமம் என்கிறோம்.

இதை ஒரு சிறு கணக்கில் பார்த்தால் விளங்கும். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை:

1. தொகுப்பில் 2,00,000 எம்விஏ (மெகாவாட்டைப் போன்ற திறன் அளவு) திறனுள்ள ஜெனரேட்டர்கள் சுழல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் நிலைம மாறிலியும் 4 நொடி, அதாவது சுழல் ஆற்றலை மட்டும் கொண்டு முழுத்திறனை 4 நொடி தர முடியும். 1000 மெகாவாட் அலகு ஒன்று விழுகிறது. அதிர்வெண் இறங்கும் வேகம் = 1000 × 50 ÷ (2 × 4 × 2,00,000). விடை நொடிக்கு சுமார் 0.03 ஹெர்ட்ஸ். கவலையில்லை.

2. ஏதோ கோளாறில் ஒரு பகுதி மட்டும் தனித்தீவாகப் பிரிந்துவிட்டது, அதில் 20,000 எம்விஏ மட்டுமே இருக்கிறது என்றால் அதே இழப்புக்கு நொடிக்கு 0.31 ஹெர்ட்ஸ்.

3. அந்தத் தீவில் பாதி ஜெனரேட்டர்களை நிறுத்தி, அந்த இடத்தில் இன்வெர்ட்டர் (நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும், சுழலும் எடை இல்லாத மின்னணுக் கருவி) வழியாக வரும் சூரிய மின்சாரம் ஓடுகிறது என்றால் 0.62 ஹெர்ட்ஸ். இரண்டு நொடிக்குள் ஒரு ஹெர்ட்ஸுக்கு மேல் காலி.

அனல்மின் நிலையத்தின் கவர்னர் (டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) விழித்து நீராவியைக் கூட்டிக் கைகொடுக்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் அதிர்வெண் விழுந்துவிட்டால் ரிலேக்கள் தானாகவே ஊர் ஊராக மின்சாரத்தை வெட்டத் தொடங்கும். ஆய்வு மாணவர் இடங்களில் ஒரு பெரும்பகுதி இந்தச் சில நொடி இடைவெளியைப் பற்றியதுதான்.

3. காற்றாலையும் சுழல்கிறதே, பிறகென்ன?

நியாயமான கேள்வி. நெல்லைச் சீமையில் இதற்கு விடை இரண்டு தலைமுறை இயந்திரங்களாக அடுத்தடுத்து நிற்கிறது.

பழைய தலைமுறை: 225, 250, 500 கிலோவாட் காற்றாலைகள். பலவற்றுக்கும் இரும்புச் சட்டக் கோபுரம். மேலே இருப்பது சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். மோட்டார் பம்பு செட்டுக்கு நெருங்கிய உறவு. அது நேரடியாகக் கம்பியோடு இணைந்திருப்பதால் அதன் சுழல் எடை தொகுப்புக்கு ஓரளவு நிலைமம் தரும். ஆனால் காந்தப்புலத்தை உருவாக்க அது தொகுப்பிலிருந்தே ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல், காந்தப்புலத்துக்காக மட்டும் போய்வரும் மின்திறன்) இழுக்கும். அதை ஈடுகட்டத்தான் கோபுரத்தின் அடியில் கெப்பாசிட்டர் பேனல் வைத்திருப்பார்கள். பக்கத்துக் கம்பியில் ஒரு ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட் போன்ற பழுது) வந்து வோல்டேஜ் சரிந்தால் இந்த இயந்திரத்தால் மின்சாரத்தை வெளியே தள்ள முடியாது, காற்று மட்டும் இறக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வேகம் கூடும். ஃபால்ட் நீங்கிய பிறகு, கூடிய வேகத்திலிருந்து மீள இன்னும் அதிகமாக ரியாக்டிவ் பவரை இழுக்கும். வோல்டேஜ் மேலும் சரியும். கெப்பாசிட்டரும் கைகொடுக்காது, ஏனென்றால் வோல்டேஜ் பாதியானால் அது தரும் ரியாக்டிவ் பவர் கால்வாசியாகிவிடும். ஒரே ஃபீடரில் (மின்பாதையில்) பல காற்றாலைகள் இருந்தால் எல்லாம் சேர்ந்து இப்படிச் செய்யும்.

புதிய தலைமுறை: 2, 3 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவை. இவற்றில் ஜெனரேட்டருக்கும் கம்பிக்கும் நடுவே மின்னணுக் கன்வெர்ட்டர் இருக்கிறது. சில வகைகளில் முழுத்திறனுக்கும், சிலவற்றில் ரோட்டார் பக்கம் மட்டும். வோல்டேஜ் சரியும்போது விட்டு ஓடாமல் தாக்குப்பிடிக்கும், ரியாக்டிவ் பவரைத் தேவைக்கேற்பக் கொடுக்கும். ஆனால் இறக்கையின் பெரும் எடை கன்வெர்ட்டருக்குப் பின்னால் மறைந்துபோகிறது. அதிர்வெண் விழுவது இறக்கைக்குத் தெரியாது. மென்பொருளில் எழுதிக் கொடுத்தால்தான் கைகொடுக்கும்.

ஆக, பழைய காற்றாலையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது வோல்டேஜ் பக்கம் லாபம், நிலைமப் பக்கம் நட்டம். தமிழ்நாடு அரசு 2024-இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்றே கொள்கை வெளியிட்டது. எந்த வட்டாரத்தில் எந்த வரிசையில் மாற்றினால் தொகுப்புக்கு நல்லது என்பது இன்று உயிருள்ள ஆய்வுக் கேள்வி. இந்தச் சீமையிலிருந்து ஒருவர் ஆய்வுக்குப் போனால் எடுக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

4. பலவீனமான முனை

இன்வெர்ட்டர்களில் இப்போது பரவலாக இருப்பது 'கிரிட் ஃபாலோயிங்' வகை. கம்பியில் இருக்கும் வோல்டேஜ் அலையைப் பார்த்து, அதோடு ஒத்து மின்சாரத்தைச் செலுத்தும். பார்த்துப் பின்தொடரும் வேலையைச் செய்யும் பகுதிக்கு பிஎல்எல் என்று பெயர். பின்தொடர வேண்டுமானால் முன்னால் போகிற அலை உறுதியாக இருக்க வேண்டும். அது உறுதியானதா என்பதை அளக்க ஒரு விகிதம் உண்டு: அந்த இடத்தின் ஷார்ட் சர்க்யூட் திறனை (அங்கே ஷார்ட் சர்க்யூட் ஆனால் தொகுப்பு எவ்வளவு பாய்ச்ச முடியும் என்ற அளவு) அங்கே இணைந்திருக்கும் காற்றாலைத் திறனால் வகுத்தால் வருவது.

ஒரு சப்ஸ்டேஷனில் ஷார்ட் சர்க்யூட் திறன் 3000 எம்விஏ என்று கொள்வோம். 500 மெகாவாட் இணைந்திருந்தால் விகிதம் 6, நல்ல பலம். 1500 மெகாவாட் ஆக்கினால் 2. மூன்றுக்குக் கீழே போனாலே பலவீனம் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அந்த நேரத்தில் ஒரு வழித்தடம் பழுதாகி 3000 என்பது 1800 ஆனால் விகிதம் 1.2. இந்த இடத்தில் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தான் செலுத்தும் மின்சாரத்தால் தானே கலங்கும் அலையைப் பின்தொடரப் பார்க்கும். ஊசலாட்டம் தொடங்கும்.

நெல்லைச் சீமை நாட்டின் தென்முனை. அதற்கு அப்பால் தொகுப்பு இல்லை, கடல்தான். காற்றாலை மின்சாரம் வடக்கு நோக்கி நீண்ட வழித்தடங்களில் போக வேண்டும். கூடங்குளமும் தூத்துக்குடி அனல்மின் நிலையங்களும் ஓடும்போது அவை இந்த முனைக்குப் பலம் தருகின்றன. காற்று உச்சத்தில் இருக்கும்போது இடமில்லை என்று அனல் அலகுகளைக் குறைத்தால், மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பலம் குறைகிறது. “காத்து இப்படி அடிக்குது, காத்தாடிய ஏன் நிறுத்தி வச்சிருக்காங்க?” என்று ஊரில் கேட்பதற்கான விடையில் இதுவும் ஒரு பகுதி. தேவை குறைவு, வழித்தடக் கொள்ளளவு, ஒப்பந்தக் கணக்கு என்று மற்ற காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் நிலைத்தன்மையின் தலையில் கட்டிவிடக் கூடாது.

5. உலகம் எங்கே அடிபட்டுக் கற்றது?

தெற்கு ஆஸ்திரேலியா, 2016 செப்டம்பர் 28. புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் வோல்டேஜ் பலமுறை சரிந்தது. ஒவ்வொரு சரிவையும் காற்றாலைகள் தாங்கின. ஆனால் குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் தாங்க வேண்டாம் என்று சில காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அந்த அளவைத் தாண்டியதும் 456 மெகாவாட் குறைந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் வழித்தடம் சுமை தாங்காமல் டிரிப் ஆனது. மாநிலம் முழுவதும் இருட்டு. இந்த அளவு இருப்பது தொகுப்பை நடத்துபவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதை மாற்றியமைத்த பிறகு அதே காற்றாலைகள் பிரச்சினையின்றி ஓடின. தயாரிப்பாளரின் ரகசிய மென்பொருளைத் திறக்காமலே அதன் நடத்தையை எப்படி அறிவது என்ற ஆய்வுப் பிரிவு இதற்குப் பிறகு வேகம் பிடித்தது.

பிரிட்டன், 2019 ஆகஸ்ட் 9. ஒரு மின்னல். கடலில் இருந்த ஹார்ன்ஸி காற்றாலைப் பூங்காவில் ஊசலாட்டம் எழுந்து 737 மெகாவாட் காணாமல் போனது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஓர் எரிவாயு நிலையமும் விழுந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. பலவீனமான முனையில் கட்டுப்பாட்டு அமைப்பு எப்படித் தடுமாறும் என்பதற்கு வகுப்பறைகளில் காட்டப்படும் உதாரணம் இது.

ஸ்பெயின், போர்ச்சுகல், 2025 ஏப்ரல் 28. செய்தியில் பலரைக் குழப்பியது இதுதான். சூரிய மின்சாரம் அதிகமானதால் நாடே இருண்டது என்று உடனே எழுதினார்கள். விசாரணையில் வெளிவந்தது வேறு: வோல்டேஜ் அளவுக்கு மீறி உயர்ந்து, அதனால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. அப்போது அங்கிருந்த விதிகளின்படி பெரும்பாலான சூரிய, காற்று நிலையங்கள் நிலையான பவர் ஃபேக்டரில் ஓடின, அதாவது வோல்டேஜ் மாறினாலும் அதற்கேற்ப ரியாக்டிவ் பவரை மாற்றவில்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் திறன் இருந்தும் அவற்றிடம் அந்த வேலை கேட்கப்படவில்லை. குற்றம் சூரிய ஒளியின் மேல் இல்லை. அந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற விதியில்தான் இடைவெளி இருந்தது.

6. விளம்பரத்தில் வரும் சொற்கள்

2004-இல் மின்னியல் வல்லுநர் அமைப்புகள் நிலைத்தன்மையை மூன்றாகப் பிரித்தன: ரோட்டார் கோணம் (ஜெனரேட்டர்கள் ஒரே தாளத்தில் நிற்பது), அதிர்வெண், வோல்டேஜ். 2020-இல் ஒத்ததிர்வு நிலைத்தன்மை, கன்வெர்ட்டரால் எழும் நிலைத்தன்மைச் சிக்கல் என்று இரண்டைச் சேர்த்தார்கள். கல்லூரிப் பாடம் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. விளம்பரங்கள் கடைசி இரண்டைச் சுற்றியே வருகின்றன. அடிக்கடி தென்படுபவை:

1. கிரிட் ஃபார்மிங்: பின்தொடராமல், தானே வோல்டேஜ் அலையை உருவாக்கி நிறுத்தும் இன்வெர்ட்டர். பேட்டரியோடு சேர்ந்து வருவது வழக்கம். இப்போது ஆய்வுப் பணம் அதிகம் பாய்வது இங்கேதான். தீராத சிக்கல்: ஃபால்ட் நேரத்தில் பழைய ஜெனரேட்டர் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு தரும், இன்வெர்ட்டரின் குறைகடத்திகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடினாலே சூடாகிவிடும். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு அலையை எப்படிக் காப்பது?

2. இஎம்டி சிமுலேஷன்: மின் அலையை மைக்ரோ நொடி அளவில் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. வழக்கமான முறையில் அகப்படாத வேகமான ஊசலாட்டங்கள் இதில் தெரியும். நேரம் தின்னும் வேலை.

3. இம்பீடன்ஸ் பகுப்பாய்வு: இன்வெர்ட்டரை மூடிய பெட்டியாகவே வைத்து, வெவ்வேறு அதிர்வெண்ணில் சிறு அலையைச் செலுத்தி, அது எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்து, ஊசலாட்டம் வருமா என்று கணிப்பது. தெற்கு ஆஸ்திரேலியப் பிரச்சினையோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், ரகசிய மென்பொருளைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்று.

4. ஹார்டுவேர் இன் தி லூப்: தொகுப்பு கணினியில் ஓடும், கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் மேசைமேல் நிஜமாக இருக்கும். இரண்டையும் இணைத்துச் சோதிப்பது.

7. நம் மண்ணில் இருக்கும் ஆய்வுக் கேள்விகள்

காற்றாலை மாற்றும் வரிசையைச் சொல்லியாயிற்று. இன்னும் மூன்று.

முதலாவது, தூத்துக்குடியின் பழைய அனல்மின் நிலையம். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. இப்படிப்பட்ட அலகுகள் ஓய்வு பெறும்போது, கொதிகலனைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை மட்டும் சுழலவிட்டு சிங்க்ரனஸ் கண்டென்சராகப் பயன்படுத்த முடியும். மின்சாரம் தயாரிக்காது, நிலைமமும் ஷார்ட் சர்க்யூட் பலமும் வோல்டேஜ் தாங்கலும் தரும். பேட்டரி வைப்பது லாபமா, இதைச் செய்வது லாபமா, இரண்டையும் எந்த அளவில் கலப்பது?

இரண்டாவது, ராதாபுரம் வட்டாரம். ஒரே வட்டத்துக்குள் பெரிய அணுமின் அலகுகளும் காற்றாலைக் கூட்டமும். மின் உற்பத்தி நின்ற பிறகும் அணுவுலையைக் குளிர்விக்க வெளி மின்சாரம் வேண்டும் என்பதால் இந்த முனையின் உறுதி வெறும் வணிகக் கணக்கு அல்ல. மேலும் அலகுகள் கட்டப்பட்டுவருகின்றன. காற்றாலைகளின் கட்டுப்பாடும் அணுமின் ஜெனரேட்டரின் கட்டுப்பாடும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்று ஆராய உலகில் இப்படி அமைந்த இடங்கள் அதிகமில்லை.

மூன்றாவது, கணவாய்க் காற்று. ஒரே வழியாக வருவதால், ஏறினாலும் இறங்கினாலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஏறக்குறைய ஒன்றாகவே அசையும். பரந்த சமவெளிக்கு எழுதிய கணிப்பு முறைகள் இங்கே அப்படியே பொருந்தாது.

இதோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் கல்லூரிகளில் வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியை ஒட்டி அமைத்த 39 பஸ் (மின் இணைப்பு முனை) மாதிரியை எடுத்து, அதன்மேல் ஒரு புதிய உகப்பாக்க வழிமுறையையோ நியூரல் நெட்வொர்க்கையோ ஓட்டி முடிகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அந்த மாதிரி தேவைதான். ஆனால் கயத்தாறு, பணகுடி வட்டாரத்தின் இயல்பைக் காட்டும் ஒரு மாதிரித் தொகுப்பைப் பொதுவெளியில் உருவாக்கி வைத்தால், அதுவே பத்துப் பேரின் ஆய்வுக்கு அடித்தளமாகும்.

8. எங்கே, எவ்வளவு காலம், என்ன பணம்?

இந்தியாவில்: ஐஐடி, என்ஐடி, ஐஐஎஸ்சி ஆகியவற்றில் கேட் மதிப்பெண்ணும் நேர்காணலும் வழி. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அண்ணா பல்கலைக்கழகத்தில் முழுநேரம் தவிரப் பகுதிநேர ஆய்வும் உண்டு. மின்வாரியப் பொறியாளர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இது பெரிய வாசல். சப்ஸ்டேஷனில் பத்து வருஷம் ரிலே செட்டிங் பார்த்தவருக்குத் தெரிந்த விஷயம் எந்த ஆய்வுக்கூடத்திலும் எளிதில் கிடைக்காது.

ஐரோப்பாவில்: பல நாடுகளில் ஆய்வு மாணவர் என்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர். டென்மார்க்கில் முதுகலைக்குப் பிறகு 3 ஆண்டு, நெதர்லாந்தில் 4 ஆண்டு என்பது வழக்கம். எம்.இ. இல்லாமல் பி.இ. மட்டும் வைத்துக்கொண்டு இங்கே நுழைவது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி ஆய்வு வலையமைப்புகளில் வயது வரம்பு இல்லை. ஆனால் வேலைக்கு எடுக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இது தடையல்ல, சாதகம்.

அமெரிக்காவில்: பி.இ. முடித்தே நேராகச் சேரலாம். பாடங்களும் சேர்த்து ஐந்து ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கயத்தாறில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. அதை அமைக்க டென்மார்க் அரசு உதவியது. தொழில்நுட்பத் துணைக்கு வந்தது ரீஸோ ஆய்வகம். அந்த ஆய்வகம் இன்று டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கம்; இந்தத் துறையில் ஆய்வு மாணவர்களை எடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கோவில்பட்டியிலிருந்தோ நெல்லையிலிருந்தோ ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள கயத்தாறு நிலையத்தில் படிக்கும்போதே செயல்முறைப் பயிற்சிக்கு முயல்வது நல்ல தொடக்கம்.

9. விண்ணப்பத்துக்கு முன்

1. கணிதத்தில் நேரியல் இயற்கணிதமும் கட்டுப்பாட்டியலும் உறுதியாக இருக்க வேண்டும். ஐகன் மதிப்பு ஊசலாட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று வாய்மொழியாக விளக்கத் தெரியாவிட்டால் நேர்காணல் அங்கேயே நின்றுவிடும்.

2. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் கல்லூரியில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். பைத்தானில் ஓடும் ஆண்டிஸ், பாண்டாபவர் இரண்டும் இலவசம். நான்கு ஜெனரேட்டர் கொண்ட இரு-பகுதி மாதிரியில் ஒரு ஜெனரேட்டரை எடுத்துவிட்டு இன்வெர்ட்டரை வைத்து, என்ன மாறுகிறது என்று எழுதினால் அதுவே காட்டத்தக்க வேலை.

3. வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது முழுதாகப் படிக்க வேண்டும். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். ஊர்ப் பெயரைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டி சரியில்லாமல் பாதியில் திரும்பியவர்கள் உண்டு.

4. கடிதத்தில் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஆர்வம் உள்ளவன்’ என்று எழுதினால் அதே வரி அந்தப் பேராசிரியரின் மேசையில் நூறு கடிதங்களில் இருக்கும். ‘பழைய இண்டக்‌ஷன் காற்றாலைகளும் கன்வெர்ட்டர் காற்றாலைகளும் ஒரே 110 கிலோவோல்ட் ஃபீடரில் கலந்திருக்கும் பகுதியிலிருந்து வருகிறேன், ஃபால்ட்டுக்குப் பின் இரண்டும் வோல்டேஜை எதிரெதிர்த் திசையில் இழுப்பதைச் சிறு மாதிரியில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், முடிவுகளை இணைத்துள்ளேன்’ என்று எழுதி, அந்த முடிவுகளை உண்மையிலேயே இணைத்து அனுப்ப வேண்டும்.